கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள பழைய கிராமத்துக் கோயில்கள்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

"மே மாதம் மூன்று வாரம் கேம்பிரிட்ஜில் மகள் வீட்டில் தங்கப் போகிறோம். பெரிய கதீட்ரல்களை முன்பே பார்த்துவிட்டோம். இந்த முறை கிராமங்களில் இருக்கும் பழைய சர்ச்சுகளைப் பார்க்க ஆசை. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, உள்ளே விடுவார்களா? கையில் காரும் இல்லை. எங்கே போகலாம், போனால் எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. உள்ளே விடவோ தடுக்கவோ பெரும்பாலும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காலை பத்து மணி வாக்கில் ஊர்க்காரர் ஒருவர் வந்து திறந்து வைத்துவிட்டுப் போவார், மாலையில் வந்து பூட்டுவார். நடுவில் நீங்களும் அந்தக் கட்டடமும் மட்டும்தான். கதவில் கனமான இரும்பு வளையம் ஒன்று தொங்கும். அதைத் திருகினால் உள்ளே தாழ்ப்பாள் மேலே எழும்பும். பழகாதவர்கள் பலர் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். வளையத்தை இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள், தோளைக் கொடுத்து அழுத்துங்கள். நிஜமாகவே பூட்டியிருந்தால் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். தயங்காமல் போய்க் கேளுங்கள். சாவி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோயில் சொந்தப் பிள்ளை மாதிரி. தூரத்திலிருந்து ஒருவர் தேடி வந்தால் சந்தோஷப்படுவார்கள், கூடவே வந்து காட்டுவதும் உண்டு.

மதம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம். நடந்து வந்ததில் சேறு ஒட்டியிருந்தால் மட்டும் வாசலில் விட்டுவிடுங்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. பெண்கள் முக்காடு போடத் தேவையில்லை. ஆராதனை நடக்காத நேரத்தில் படம் எடுக்கலாம். ஞாயிறு காலையில் போய்விட்டால் பின்வரிசையில் உட்காருங்கள், முடிந்ததும் தேநீர் கொடுத்துப் பேசுவார்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் போனால் மூன்றாவது கோயிலிலேயே அலுத்துவிடும். நான் கேம்பிரிட்ஜுக்குக் கிழக்கே உள்ள சஃபோக் மாவட்டத்தில் 18 வருடங்களாக இருக்கிறேன், இருநூறுக்கும் மேற்பட்ட கோயில்களுக்குப் போயிருக்கிறேன். முதல் ஒரு வருடம் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன: வெள்ளைச் சுவர், நிறமில்லாத கண்ணாடி, வரிசையாக பெஞ்சு, மெழுகும் ஈரக்கல்லும் கலந்த வாசனை. இங்கிலாந்துக்காரர்களுக்கு எளிமை பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு. அந்த எளிமை கட்டியவர்களுடையது இல்லை. கட்டியவர்கள் சுவர் முழுக்கச் சித்திரம் தீட்டினார்கள், ஒவ்வொரு மாடத்திலும் சிலை வைத்தார்கள், ஜன்னலெல்லாம் வண்ணக் கண்ணாடி பதித்தார்கள், கூரைக்குப் பொன் பூசினார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றை அழித்தார்கள். நீங்கள் பார்க்கப் போவது அழித்த பிறகு எஞ்சியதை. அதனால் இல்லாததைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். பழகிவிட்டால் மிகச் சாதாரணமான கோயிலில்கூட ஒரு மணி நேரம் போவது தெரியாது.

கதை சுருக்கமாக இதுதான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1534இல் ரோமாபுரியோடு, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான போப்பாண்டவரோடு, உறவை முறித்தார். அவர் காலத்தில் மடங்கள்தான் அழிந்தன. ஊர்க்கோயில்களுக்குப் பெரிய அடி அவர் மகன் ஆறாம் எட்வர்டு 1547இல் பட்டத்துக்கு வந்த பிறகு விழுந்தது. உருவங்களை வணங்குவது தவறு என்ற புராட்டஸ்டண்டுகளின் கை ஓங்கியது. சிலைகளை எடு, சித்திரங்களைச் சுண்ணாம்பால் மூடு என்று உத்தரவு போனது. 1553இல் கத்தோலிக்கரான மேரி அரசியானதும் எல்லாவற்றையும் திரும்ப வைக்கச் சொன்னார். ஐந்தே வருடத்தில் புராட்டஸ்டண்டான எலிசபெத் வந்தார், மறுபடியும் எடுக்கச் சொன்னார். ஒரு கிராமத்து மனிதர் தன் வாழ்நாளுக்குள் இத்தனையையும் பார்த்திருப்பார்: அப்பா காசு கொடுத்துச் செய்வித்த சிலையைத் தன் கையாலேயே இறக்கி, பிறகு ஏற்றி, பிறகு மறுபடி இறக்கி. நூறு வருடம் கழித்து, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் காலத்தில் இன்னொரு அலை. வில்லியம் டௌசிங் என்பவர் நாடாளுமன்றத் தரப்பின் ஆணையோடு 1643, 1644 ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் சுமார் 250 கோயில்களுக்குப் போனார். எந்த ஊரில் எத்தனை படம் உடைத்தேன், எத்தனை உடைக்கச் சொன்னேன் என்று நாட்குறிப்பும் எழுதினார். அது இன்றும் கிடைக்கிறது. நீங்கள் போகப் போவது அவர் சுற்றிய அதே வட்டாரம்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் இக்கில்டன் போங்கள். கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் பக்கம் போகும் ரயிலில் கிரேட் செஸ்டர்ஃபர்டில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு நடந்தால் போதும். வெளியிலிருந்து பார்த்தால் சுமாரான கோயில். 1979இல் யாரோ தீ வைத்ததில் கூரை எரிந்தது. பிறகு கரி படிந்த சுவரைச் சுத்தம் செய்யும்போதுதான் சுண்ணாம்பு அடுக்குகளுக்கு அடியில் 12ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள் இருப்பது தெரிந்தது. வடக்குச் சுவரில் வளைவுகளுக்கு மேலே பாருங்கள். இயேசுவின் கடைசி இராவுணவு, காட்டிக்கொடுத்தது, சாட்டையடி, சிலுவை சுமந்தது எல்லாம் வரிசையாக வரும். அதற்குக் கீழே புனிதர்கள் கொல்லப்படும் காட்சிகள். காவியும் மஞ்சளும்தான் அதிகம். நானூறு வருடம் அந்த ஊர் மக்கள் இவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஜெபித்தார்கள், இவை இருப்பதே தெரியாமல். இன்னொன்றையும் விடாதீர்கள்: அந்த வளைவுகளைத் தாங்கும் தூண்களில் சில ரோமானியர் காலத்துக் கட்டடம் ஒன்றிலிருந்து எடுத்து வந்தவை என்று நம்பப்படுகிறது. அப்படியானால் அந்தத் தூண்களுக்கு வயது ஆயிரத்து அறுநூறைத் தாண்டும்.

வென்ஹாஸ்டன் கதை இதைவிட மனதைத் தொடும். அது சஃபோக் கடற்கரைப் பக்கம், கொஞ்சம் தூரம். அந்தக் காலத்தில் மக்கள் உட்காரும் கூடத்துக்கும் பூசை நடக்கும் பீடம் இருக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு மரத்தட்டி இருக்கும். அதை ரூட் ஸ்கிரீன் என்பார்கள். அதன் மேலே சிலுவையில் தொங்கும் இயேசு, இரு பக்கமும் அவர் தாயான மாதாவும் சீடர் யோவானும். பின்னணியில் இறுதித் தீர்ப்பு நாளின் சித்திரம். வென்ஹாஸ்டனில் அந்தச் சித்திரத்தைப் பலகைகளில் தீட்டியிருந்தார்கள். மற்ற இடங்களைப் போலவே அதற்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். 1892இல் கோயிலைப் பழுதுபார்த்தபோது, பழைய வெள்ளைப் பலகைகள்தானே என்று பிடுங்கிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவு மழை பெய்தது. காலையில் பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து முகங்கள் தெரிகின்றன. அதிதூதர் மிக்கேல் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். ஒரு மூலையில் நரகத்தின் வாய், பெரிய மீன் வாய் போலத் திறந்திருக்கிறது. எல்லாரும் நிர்வாணம், ராஜாவுக்குத் தலையில் கிரீடம் மட்டும், ஆயருக்குத் தொப்பி மட்டும்.

அந்தப் பலகையில் நடுவே பெரிய வெற்றிடங்கள் இருக்கும். முதல் தடவை போனபோது நிறம் உதிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இரண்டாவது தடவைதான் உறைத்தது. அது சிலுவையின் வடிவம். பக்கத்தில் நிற்கும் இரண்டு வெற்றிடங்கள் மாதாவும் யோவானும். சிலைகள் முன்னால் நின்றதால் அவற்றுக்குப் பின்னால் ஓவியர் நிறம் தீட்டவில்லை. சிலைகள் எரிந்துபோயின, அவற்றின் நிழல் மட்டும் பலகையில் நிற்கிறது. இங்கிலாந்தில் நான் பார்த்த எதுவும் இந்த அளவுக்கு என்னைப் பாதித்ததில்லை.

இப்போது எந்தக் கோயிலிலும் நீங்களாகவே தேடக்கூடியவற்றைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் கிழக்கே பாருங்கள், பீடம் அங்கேதான். கூடத்தைப் பராமரிப்பது ஊர் மக்கள் பொறுப்பு, பீடப் பகுதி பாதிரியார் பொறுப்பு என்று அப்போது பிரித்து வைத்திருந்தார்கள். அதனால் ஊர் செழித்த இடத்தில் கூடம் ஓங்கி நிற்கும், பீடப் பகுதி பழைய அளவிலேயே குறுகிக் கிடக்கும். இரண்டும் சேரும் வளைவுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலோ ஆள் உயரத்திலோ, ஒரு சின்னக் கதவுத் துளை இருக்கிறதா பாருங்கள். உள்ளே குறுகலான படிகள் சுழன்று மேலே போகும், உச்சியில் இன்னொரு துளை, அதற்கப்பால் ஒன்றுமில்லை. வெறும் காற்று. ரூட் ஸ்கிரீனின் மேல்தட்டுக்கு ஏறிய படிகள் அவை. தட்டைப் பிடுங்கிவிட்டார்கள், கல்லில் குடைந்த படியை என்ன செய்வது? நூற்றுக்கணக்கான கோயில்களில் அது அப்படியே நிற்கிறது.

பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் கைகழுவும் பேசின் போலக் குழிவும் துளையும் உள்ள மாடம் இருந்தால் அது பிசினா. பூசைப் பாத்திரம் கழுவிய நீர் அதன் வழியே மண்ணுக்குப் போகும். பக்கவாட்டுச் சுவர்களிலும் அப்படி ஒன்று தென்பட்டால் அங்கேயும் ஒரு பீடம் இருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ரூட் ஸ்கிரீனின் கீழ்ப்பலகைகள் மிஞ்சியிருந்தால் குனிந்து பாருங்கள். புனிதர்களின் உருவங்கள் இருக்கும், முகங்களை மட்டும் சுரண்டியிருப்பார்கள். உடையில் பொற்கோலம் அப்படியே இருக்கும், முகம் இருந்த இடத்தில் மரம் தெரியும். தரையில் கல் பலகையில் மனித வடிவில் ஒரு பள்ளம் இருந்தால் அதில் பித்தளைத் தகடு பதித்திருந்தது என்று பொருள். தகடு மிஞ்சிய இடங்களிலும் 'இவர் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்' என்ற வாசகத்தை மட்டும் தேடிக் கொத்தியிருப்பதைப் பார்க்கலாம். இறந்தவருக்காக ஜெபிப்பதே புதிய மதத்தில் தப்பாகிவிட்டதல்லவா.

காலத்தைக் கண்டுபிடிக்க ஜன்னலைப் பார்த்தால் போதும். வளைவு அரைவட்டமாக, சுவர் தடிமனாக, வளைவைச் சுற்றிப் பல் பல்லாக மடிந்து போகும் கோடு செதுக்கியிருந்தால் அது 1066இல் பிரான்ஸிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மன்களின் பாணி, அதற்குப் பிறகு ஒரு நூற்றுச் சொச்சம் வருடங்கள். ஒடுக்கமாக உயர்ந்து மேலே கூராக முடிந்தால் 13ஆம் நூற்றாண்டு. கூர் வளைவுக்குள் கொடியும் இலையும் போலக் கல் வளைந்து ஓடினால் 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கண்ணாடியே சுவராகிவிட்டதோ என்னும்படி ஜன்னல் அகன்று, கல் கம்பிகள் நேராக மேலே போனால் அதற்குப் பிந்தியது. ஆனால் ஒரே கோயிலில் நான்கும் இருக்கும். ஜன்னலை மாற்றுவது அவர்களுக்குச் சுவரை இடிப்பதைவிட மலிவு. அதனால் ஜன்னலை வைத்துக் கோயிலின் வயதைச் சொல்லாதீர்கள், அந்த ஜன்னலின் வயதை மட்டும் சொல்லுங்கள்.

அந்த மூன்றாவது பாணிக்கும் நான்காவது பாணிக்கும் நடுவே நிற்பது 1348, 1349 வருடங்களின் கொள்ளைநோய். அதைக் கையால் தொடும் தூரத்தில் பார்க்க வேண்டுமானால் ஆஷ்வெல் போங்கள். கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் ஆஷ்வெல் அண்ட் மார்டன் நிறுத்தம். அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டருக்கு மேல், வயல் வழியாக நடக்கலாம். கோயில் கோபுரம் 176 அடி, வெகுதூரத்திலிருந்தே வழிகாட்டும். உள்ளே மிருதுவான சுண்ணக்கல். அதில்தான் விஷயம் இருக்கிறது. மிருதுவாக இருந்ததால் மக்கள் அதில் கீறினார்கள். கோபுரத்தின் உள்ளே வடக்குச் சுவரில் லத்தீனில் சில வரிகள் இருக்கின்றன. 1350ஆம் ஆண்டைக் குறித்து, பரிதாபமானது, கொடியது, வெறிபிடித்தது என்றும், சாட்சி சொல்ல மக்களில் கடைப்பட்டவர்களே மிஞ்சியிருக்கிறார்கள் என்றும் ஒருவர் கீறியிருக்கிறார். அதோடு 1361இல் வீசிய பெருங்காற்று பற்றியும் இருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாது. ஊரில் ஏராளமானோர் செத்த பிறகு, லத்தீன் தெரிந்த ஒருவர், கூரான எதையோ எடுத்துக்கொண்டு இந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறார். அதே சுவரில் பெரிய தேவாலயம் ஒன்றின் படமும் உண்டு. 1666இன் தீயில் அழிந்த லண்டனின் பழைய செயின்ட் பால் என்று சொல்கிறார்கள்.

கையில் ஒரு டார்ச் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். நேராக அடித்தால் கீறல் தெரியாது. சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கப்பல்கள், கைவடிவங்கள், காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூக்கள், பெயர்கள் எல்லாம் எழுந்து வரும். ஆஷ்வெல்லில் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லாக் கோயில்களிலும். வெளியே தெற்குச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், நடுவில் குழியோடு விசிறி போல விரியும் கோடுகள் இருந்தால் அது வெயில் கடிகாரம், பூசை நேரம் அறிவதற்கு. குழியில் குச்சி செருகி நிழல் பார்த்தார்கள்.

அடுத்தது கூரை. கைக்கு எட்டாத உயரம் என்பதாலும், உடைத்தால் கோயிலே தலையில் விழும் என்பதாலும், கூரைகள் மற்றவற்றைவிடத் தப்பித்தன. கிழக்கு இங்கிலாந்தின் 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்களுக்கு நிகராக நான் யாரையும் சொல்ல மாட்டேன். கேம்பிரிட்ஜிலிருந்து ஈலி வழியாக மார்ச் என்ற ஊருக்கு நேர் ரயில் இருக்கிறது. ஊரின் தெற்குக் கோடியில் புனித வென்ட்ரெடா கோயில். நிமிர்ந்து பார்த்தால் ஓக் மரத்தில் கிட்டத்தட்ட 120 தேவதூதர்கள், மூன்று வரிசையாக, சிறகை விரித்தபடி. கழுத்து வலித்தால் பெஞ்சில் படுத்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பைனாகுலர் இருந்தால் அவர்கள் கையில் வைத்திருக்கும் வாத்தியங்கள்கூடத் தெரியும். கிளம்பும் முன் திறந்திருக்குமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீடம் மார்க்கெட் கூரை வேறு வகை. கேம்பிரிட்ஜ், இப்ஸ்விச் ரயில் தடத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். கடைத்தெருவிலேயே கோயில், வெளியே கவர்ச்சி ஒன்றும் இல்லை, பலர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். உள்ளே போய் மேலே பார்த்தால், உங்கள் தலைக்கு மேல் இன்னொரு கோயில் மரத்தில் மிதக்கும். தூணே இல்லாமல், சுவரிலிருந்து நீட்டிய மரக்கைகள் மேல் இன்னொரு வரிசை மரச்சுவர், அதில் ஜன்னல்கள், அதற்கும் மேல் கூரை. எடை எந்த வழியாக இறங்குகிறது என்று ஒவ்வொரு மரமாகப் பின்தொடர்ந்து பாருங்கள். எனக்கு நாலு தடவை போன பிறகுதான் பிடிபட்டது.

கூரையையும் நிழலையும் ஒரே நாளில் பார்க்க, வென்ஹாஸ்டனோடு பிளைத்பர்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுப்பு நிலத்தின் விளிம்பில் ஒரு சின்ன ஊர், அதற்குப் பொருந்தாத பிரம்மாண்டமான கோயில். உள்ளே ஒளியைத் தவிர ஒன்றுமில்லை என்று தோன்றும். கூரையில் மங்கிய வண்ணத்தில் தேவதூதர்கள். 1577 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆராதனை நடக்கும்போது பெரும் இடி விழுந்து கோபுரத்தின் உச்சி கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. பேய் உருவில் ஒரு கறுப்பு நாய் உள்ளே பாய்ந்தது என்றும் வடக்குக் கதவில் உள்ள கரிய தடங்கள் அதன் நகம் பட்டவை என்றும் ஊரில் சொல்வார்கள். குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு இந்தக் கதவு போதும். தேவதூதர்கள் உடம்பில் ஈயக் குண்டுகள் இருந்தன. டௌசிங் ஆட்கள் சுட்டது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிறகு ஆராய்ந்ததில் அவை 18ஆம் நூற்றாண்டுக் குண்டுகள், கூரையில் குடியேறிய காக்கை இனப் பறவைகளை விரட்டச் சுட்டவை என்று தெரிந்தது. டௌசிங்மேல் எனக்குக் கோபம் உண்டு, இருந்தாலும் செய்யாததை அவர் தலையில் கட்டக் கூடாது. பெஞ்சு முனைகளையும் பாருங்கள். சோம்பேறி படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான், பெருந்தீனிக்காரன் தொந்தியைப் பிடித்திருக்கிறான்.

இவ்வளவு சின்ன ஊர்களில் இத்தனை பெரிய கோயில்கள் எப்படி என்று கேட்பீர்கள். பதில் ஆட்டு ரோமமும் துணியும். லாவனம் அதற்கு நல்ல உதாரணம். 1520களில் இங்கிலாந்தின் முதல் இருபது பணக்கார ஊர்களில் அது ஒன்று. நீலச் சாயத் துணிக்குப் பேர் போனது. ஸ்பிரிங் என்ற துணி வியாபாரிக் குடும்பமும் ஆக்ஸ்ஃபர்ட் பிரபுவும் பணம் போட்டுக் கட்டிய கோயில். கோபுரம் 141 அடி. வெளிச் சுவரில் ஒருவருடைய வியாபார முத்திரையும் மற்றவருடைய குலச்சின்னமும் மாறி மாறி வரும். பிறகு துணி வியாபாரம் படுத்தது, ஊர் வறுமையில் விழுந்தது, புது வீடு கட்டக் காசில்லை. அதனால்தான் கோணல்மாணலான அந்தப் பழைய மரவீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பேருந்தை நம்பிப் போகாதீர்கள்.

லாவனத்தைவிட அதன் அருகிலிருக்கும் லாங் மெல்ஃபர்ட்தான் எனக்குப் பிடிக்கும். சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது, வயலில் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்து, கறுத்துப் பளபளக்கும் முகத்தை வெளியே காட்டி, வெள்ளைக் கல்லுக்கு நடுவில் பதிப்பார்கள். மெல்ஃபர்டில் அந்த முறையில் எழுத்துகளையே பதித்திருக்கிறார்கள், கோயிலின் நீளத்துக்கு. இன்னாருடைய, இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்று கட்டியவர்களின் பெயர்கள் 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சுவரில் ஓடுகின்றன. பித்தளையில் இருந்ததைக் கொத்தினார்கள், இதைக் கொத்த வேண்டுமென்றால் சுவரையே கொத்த வேண்டும். தப்பித்தது. உள்ளே சிறிய கண்ணாடி வட்டம் ஒன்றில் மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்தும், மூன்றுக்கும் சேர்த்து மூன்றே காதுகள். தேடிக் கண்டுபிடியுங்கள், எங்கே என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஊரில் ரோஜர் மார்ட்டின் என்று ஒருவர் இருந்தார், 1615இல் இறந்தார். சிறுவயதில் பழைய கோயிலைப் பார்த்தவர், கடைசிவரை பழைய மதத்தை விடாதவர். முதுமையில் உட்கார்ந்து, இந்த இடத்தில் இன்னது இருந்தது என்று நினைவிலிருந்து எழுதி வைத்தார். பெரிய பீடத்துக்குப் பின்னால் மரத்தில் செதுக்கிய, சிலுவையில் சாகும் முன் இயேசு பட்ட பாடுகளின் காட்சி, ரூட் ஸ்கிரீனுக்கு மேலே கூரையில் பொன் நட்சத்திரங்கள், ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு ஊர்வலம் எந்த வழியாகச் சுற்றும் என்பது வரை. கோயிலிலிருந்து வந்த சில பொருள்களை வீட்டில் பத்திரப்படுத்தி, ஒருநாள் என் வாரிசுகள் திரும்ப வைப்பார்கள் என்று நம்பினார். அந்தக் குறிப்பின் படியெடுத்த தாள் ஒன்றோடு நான் அந்தக் கோயிலுக்குள் சுற்றியிருக்கிறேன். அவர் சொல்லும் ஒவ்வொரு இடமும் இருக்கிறது, பொருள்தான் இல்லை.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். மே மாதம் நல்ல தேர்வு. இரவு எட்டு மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும், கல்லறைத் தோட்டங்களில் வெள்ளைப் பூக்கள் இடுப்பளவுக்கு நிற்கும். ஆனால் வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை பல கோயில்களில் கிடையாது. வாசலில் கம்பி வலைக் கதவு இருந்தால் மூடிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் குருவிகள் உள்ளே வந்து, வெளியேறத் தெரியாமல் ஜன்னலில் மோதிச் சாகும். பெஞ்சுகளை பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருந்தால் மேலே வௌவால்கள் இருக்கின்றன. சட்டப்படி அவற்றை விரட்ட முடியாது. அரசின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் வரைபடம் ஒன்று வாங்கினால் கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை இருப்பது கோபுரம் உள்ள கோயில், கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை இருப்பது கூர்முடி உள்ளது. நடைபாதைகளும் அதில் இருக்கும், ஒரு கோயிலிலிருந்து அடுத்ததற்கு வயல் வழியாகவே போகலாம்.

உண்டியலில் ஏதாவது போடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 கோயில்கள் இருக்கின்றன. பராமரிப்புச் செலவு பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள் தலையில்தான். ஞாயிறு ஆராதனைக்கு இருபது பேர்கூட வராத ஊரில், அறுநூறு வருடக் கூரைக்கு ஓடு மாற்ற வயதானவர்கள் கேக் விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். சில இடங்களில் கார்டு தட்டும் கருவியும் வைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். மானியம் கேட்டு விண்ணப்பிக்கும்போது எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதைக் காட்ட அந்தப் பதிவேடு அவர்களுக்கு உதவும். வழிபாடு நின்றுபோன கோயில்களைக் காப்பாற்ற சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் 1969 முதல் இருக்கிறது, 350க்கும் மேற்பட்டவை அதன் கையில். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்வாஃபம் பிரையர் என்ற ஊரில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கோயில்கள் நிற்கும், அதில் ஒன்று அவர்களுடையது.

மூன்று வாரத்தில் எட்டுப் பத்து கோயில்களுக்கு மேல் போட்டுத் திணிக்காதீர்கள். முதல் நாள் வெளியூர் எங்கும் போகாமல் கேம்பிரிட்ஜ் நடுவிலேயே இருக்கும் செயின்ட் பெனட்ஸுக்குப் போய்க் கண்ணைப் பழக்குங்கள். அதன் கோபுரம் நார்மன்களுக்கும் முந்தியது, அந்த நகரத்தில் நிற்கும் கட்டடங்களிலேயே பழையது. பிறகு இக்கில்டன், ஆஷ்வெல், மார்ச், இந்த மூன்றும் ரயிலில் ஒவ்வொரு நாள். நீடம் மார்க்கெட் அரை நாள். லாவனமும் மெல்ஃபர்டும் சேர்த்து ஒரு முழு நாள், காலையிலேயே கிளம்ப வேண்டும். வென்ஹாஸ்டன், பிளைத்பர்க் இரண்டுக்கும் மகளோ மருமகனோ லீவு போட்டுக் காரில் கூட்டிப் போகட்டும். முடியாவிட்டால் ஹேல்ஸ்வொர்த் வரை ரயில், அங்கே முன்கூட்டியே சொல்லிவைத்த டாக்ஸி. ஒரே ஒரு நாள்தான் அவர்களுக்குக் கிடைக்கும் என்றால் அதை வென்ஹாஸ்டனுக்குக் கொடுங்கள். பலகைக்கு நேர் எதிரே போய் நின்று, வண்ணங்களை விட்டுவிட்டு, நடுவில் உள்ள வெற்றிடத்தை முதலில் பாருங்கள்.